23-ந் தேதி காலை

1844-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் அன்று வேலைக்குப் போகவில்லை. வியாபாரிகள் கடையைப் பூட்டினார்கள். கடன் பட்டவர்கள் கடனை அடைத்தார்கள். பகை கொண்டவர்கள் பகைவனின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். சில விவசாயிகள், விளைந்து கிடந்த உருளைக்கிழங்கைத் தோண்டாமல் நிலத்திலேயே விட்டுவிட்டார்கள். குளிர்காலத்துக்கு உணவு சேர்த்து வைக்கவேண்டிய அவசியம் அவர்களுக்குத் தோன்றவில்லை. அன்று கிறிஸ்து வானத்திலிருந்து இறங்கி வருவார், இந்த உலகம் முடிந்துபோகும் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள்.

வீடுகளிலும் கூடங்களிலும் கூடி உட்கார்ந்து ஜெபம் செய்தார்கள். பாட்டுப் பாடினார்கள். பொழுது சாய்ந்தது. இரவு வந்தது. கடிகாரம் 12 அடித்தது. எதுவும் நடக்கவில்லை. பெரியவர்களும் குழந்தைகளும் விடியும்வரை அழுதார்கள்.

23-ந் தேதி காலை சூரியன் வழக்கம்போல உதித்தது. மாட்டுக்குத் தீவனம் போடவேண்டியிருந்தது. குழந்தைகளுக்குப் பசித்தது. கேலி செய்யக் காத்திருந்தவர்கள் தெருமுனையில் நின்றார்கள்.

இந்த நிகழ்ச்சியைச் சரித்திரம் “பெரும் ஏமாற்றம்” என்ற பெயரால் குறிக்கிறது. அது நடந்து 180 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அன்று எழுந்த கேள்விகள் மட்டும் இன்னும் ஓயவில்லை. வேதத்தில் சொல்லப்பட்ட தீர்க்கதரிசனங்களை எப்படி நம்புவது? நம்புகிறவனுக்குச் சபை எதற்கு? தீர்க்கதரிசனம் பொய்த்ததாகத் தோன்றினால் விசுவாசம் என்ன ஆகும்?

இரண்டு கணக்குகள்

அமெரிக்காவில் எடுக்கப்பட்ட இரண்டு கணக்குகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இந்தச் சர்ச்சையின் அளவு தெரியும்.

காலப் நிறுவனம் 1937-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு மக்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வருகிறது. தேவாலயத்திலோ, யூதர் ஆலயத்திலோ, மசூதியிலோ நீங்கள் உறுப்பினரா என்பதே அந்தக் கேள்வி. 1999-ல் 100-க்கு 70 பேர் “ஆம்” என்றார்கள். 2020-ல் அந்தத் தொகை 47 ஆயிற்று. பாதிக்குக் கீழே இறங்கியது அதுவே முதல் தடவை.

பியூ ஆராய்ச்சி மையம் 2022-ல் வேறொரு கேள்வியைக் கேட்டது. மனித குலம் இப்போது கடைசிக் காலத்தில் வாழ்கிறதா? 100-க்கு 39 பேர் “ஆம்” என்றார்கள். சுவிசேஷப் பிராட்டஸ்டண்டு சபைகளைச் சேர்ந்தவர்களில் 63 பேர் அவ்வாறு சொன்னார்கள்.

இந்த இரண்டு கூட்டமும் ஒன்றல்ல. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. ஆலயத்தின் பெஞ்சு காலியாகிறது என்பதற்காக உலக முடிவைப் பற்றிய நம்பிக்கை காலியாகிவிடவில்லை. பலர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கேட்டு வளர்த்துக்கொள்கிறார்கள்.

இதில் மூன்று கட்சிகள் வாதாடுகின்றன. “காலம் நெருங்கிவிட்டது, சபைகள் தூங்குகின்றன, வேதப் புத்தகம் கையில் இருந்தால் போதும்” என்பது முதல் கட்சி. “ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போய்வருகிறோம், தீர்க்கதரிசனம் என்று கிளறினால் குழப்பம்தான் வரும்” என்பது இரண்டாவது கட்சி. “குறித்த தேதிகள் எல்லாம் பொய்த்துவிட்டன, ஆகவே மதமே பொய்” என்பது மூன்றாவது கட்சி.

மூன்று கட்சியாரும் 22-ந் தேதியைப் பற்றியே பேசுகிறார்கள். மறுநாள் காலையைப் பற்றிப் பேசுவோர் அரிது. வாதத்துக்கு விடை கிடைக்கவேண்டுமானால் அங்கேதான் தேடவேண்டும்.

விவசாயியின் ஆராய்ச்சி

1844-ஆம் ஆண்டுக் கணக்குக்குக் காரணமானவர் வில்லியம் மில்லர். 1782-ல் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தில் லோ ஹாம்ப்டன் என்ற ஊரில் விவசாயம் செய்தார். அவர் மோசக்காரரோ, பேராசைக்காரரோ அல்ல. இதை முதலில் சொல்லிவிடவேண்டும்.

இளமையில் அவர் வேதத்தை நம்பியதில்லை. வால்டேர், ஹியூம், தாமஸ் பெயின் ஆகியோரின் நூல்களைப் படித்தவர். கடவுள் உலகைப் படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார் என்ற கொள்கையில் இருந்தார். 1812-ல் மூண்ட போரில் படைத்தலைவராகச் சேர்ந்தார். 1814-ல் பிளாட்ஸ்பர்க் சண்டையில் தம்மைவிடப் பெரிய பிரிட்டிஷ் படையை அமெரிக்கர் திருப்பி அனுப்பியதைக் கண்டார். மனிதர் விஷயத்தில் கடவுள் தலையிடுவதே இல்லை என்ற எண்ணம் அப்போது ஆட்டம் கண்டது.

ஊர் திரும்பியபின் பாப்டிஸ்டு ஆலயத்துக்கு அவர் ஒழுங்காகப் போகவில்லை. தாயார் காரணம் கேட்டார். போதகர் இல்லாத நாட்களில் மூப்பர்கள் பிரசங்கப் புத்தகத்தைப் படிக்கிற விதம் சகிக்கவில்லை என்றார் மகன். அப்படியானால் நீயே படி என்றார்கள். நம்பிக்கை இல்லாத மனிதர், நம்புகிறவர்களுக்குப் பிரசங்கம் படிக்க ஆரம்பித்தார். 1816-ல் ஒருநாள் அப்படிப் படித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளம் கரைந்து, மேலே படிக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார்.

மில்லரைக் கடவுளிடம் கொண்டுவந்து சேர்த்தது எண் கணக்கு அல்ல. தாயின் கேள்வியும், ஊர்ச் சபையின் பெருந்தன்மையும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசிப்பும் அதைச் செய்தன.

பழைய நண்பர்கள் கேலி செய்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும் என்று வேதாகமத்தை முதல் வசனத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். உடன் வைத்துக்கொண்டது குரூடன் என்பவர் தொகுத்த சொல்லகராதி ஒன்றே. இரண்டு ஆண்டுகள் தனியாக உட்கார்ந்து ஆராய்ந்தார். 1818-ல் ஒரு முடிவுக்கு வந்தார். இன்னும் ஏறக்குறைய 25 ஆண்டுகளில் எல்லாம் முடிந்துவிடும்!

2,300 நாட்கள்

கணக்கு இதுதான். தானியேல் புத்தகத்தின் 8-ஆம் அதிகாரம் 14-ஆம் வசனத்தில் 2,300 நாட்கள் என்று ஒரு காலம் குறிக்கப்படுகிறது. அது கழிந்தபின் பரிசுத்த ஸ்தலம் சுத்தமாகும் என்று சொல்லப்படுகிறது. எண்ணாகமத்திலும் எசேக்கியேலிலும் ஒரு நாளுக்கு ஓர் ஆண்டு என்ற அளவு வருகிறது. ஆகவே 2,300 நாள் என்றால் 2,300 ஆண்டு என்றார் மில்லர். பரிசுத்த ஸ்தலம் என்றால் பூமி. சுத்தமாவது என்றால் கிறிஸ்துவின் வருகை. எருசலேமைப் பற்றிப் பாரசீக அரசன் அர்தசஷ்டா கட்டளை பிறப்பித்த ஆண்டு கி.மு. 457. அதிலிருந்து எண்ணினால் கி.பி. 1843 வருகிறது.

கூட்டல் கழித்தலில் பெரிய பிழை இல்லை. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ய ஆண்டு கிடையாது என்ற திருத்தத்தைச் சேர்த்தபோது 1844 கிடைத்தது. பிழை வேறு இடத்தில் இருந்தது. நாள் என்றால் ஆண்டு, ஸ்தலம் என்றால் பூமி என்ற ஊகங்களை அவர் கணக்கின் அடியில் வைத்தார். மேலே எழுப்பிய எண்கள் நேராக நின்றதால், அடித்தளமும் நேராக இருக்கிறது என்று நம்பிவிட்டார்.

அவர் அவசரப்படவும் இல்லை. 13 ஆண்டுகள் மேடையேறாமல் இருந்தார். 1831-ல் ஒருநாள், யாராவது அழைத்தால் போய்ப் பேசுவேன் என்று கடவுளிடம் பொருத்தனை செய்துகொண்டார். அரை மணி நேரத்தில் சகோதரியின் மகன் வந்து பேச அழைத்தான். அதன்பின் ஊர் ஊராக அழைப்பு வந்தது.

1839-ல் பாஸ்டன் நகரப் போதகர் ஜோஷுவா ஹைம்ஸ் அவரைச் சந்தித்தார். மறுஆண்டே இந்தச் செய்திக்கென்று ஒரு பத்திரிகை பிறந்தது. துண்டுப் பிரசுரங்கள் குவிந்தன. தானியேல் கண்ட மிருகங்களும் எண்களும் வரைந்த பெரிய படங்களைத் தொங்கவிட்டுப் பிரசங்கித்தார்கள். பிரம்மாண்டமான கூடாரம் ஒன்று நகரம் நகரமாகக் கொண்டுபோகப்பட்டது. நம்பியவர்கள் 50,000-க்கும் மேல் என்று சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

வெளியே வாருங்கள்

முதலில் யாரும் சபையை விட்டுப் போகச் சொல்லவில்லை. மெதடிஸ்டு, பாப்டிஸ்டு, பிரஸ்பிட்டேரியன் என்று அவரவர் சபையில் இருந்துகொண்டே காத்திருங்கள் என்பதுதான் மில்லரின் போதனை. சர்ச்சை முற்றியபோது பல சபைகள் கதவை மூடின. நம்பியவர்களைச் சில சபைகள் நீக்கின. 1843-ல் சார்ல்ஸ் ஃபிட்ச் என்ற போதகர், சபைகள் எல்லாம் பாபிலோன் ஆகிவிட்டன, வெளியே வாருங்கள் என்று பிரசங்கித்தார். அந்தப் பிரசங்கம் அச்சாகிப் பரவியது. மில்லருக்கு இதில் மனமில்லை. ஆனால் இயக்கம் அவர் பிடியில் இல்லை.

தேதியும் அவர் குறித்தது அல்ல. 1843 மார்ச் முதல் 1844 மார்ச் வரைக்குள் வருகை நிகழும் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். அது கடந்துபோனபோது பிழையை ஒப்புக்கொண்டார். 1844 ஆகஸ்டில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் எக்ஸிட்டர் நகரில் நடந்த கூடாரக் கூட்டத்தில், சாமுவேல் ஸ்னோ என்பவர் யூதரின் பாவநிவாரண நாளை வைத்து அக்டோபர் 22 என்று அறிவித்தார். காட்டுத்தீபோல அது பரவியது. மில்லர் அக்டோபர் மாதம் பிறந்தபின்தான் அதை ஏற்றார்.

இங்கே இரு தரப்பிலும் குற்றம் உண்டு. கேள்வி கேட்டவனை வெளியே தள்ளிய சபை, அவனுடைய கணக்கைத் திருத்தும் வாய்ப்பை இழந்தது. வெளியே போனவன், “தம்பி, இந்த இடத்தில் தடுமாறுகிறாய்” என்று சொல்லக்கூடிய பெரியவர்களை இழந்தான். வெளியே இருந்தவர்கள் அனைவரும் ஒரே கணக்கை நம்பியவர்கள். அங்கே தேதிதான் பெரிதாயிற்று. சந்தேகம் சொல்ல ஆள் இல்லை.

மறுநாள்

பிறகு நடந்தவற்றில் பொய்யும் கலந்துவிட்டது. வெள்ளை அங்கி அணிந்து கூரைமேல் ஏறி நின்றார்கள் என்ற கதை நூறு ஆண்டுகள் வலம் வந்தது. பிரான்சிஸ் நிக்கல் என்பவர் 1944-ல் எழுதிய நூலில் அந்தக் கதைக்கு ஆதாரம் இல்லை என்று காட்டினார். தோற்றுப்போனவர்களைப் பற்றி எதையும் சொல்லலாம் என்ற துணிவு உலகத்துக்கு எப்போதும் உண்டு.

உண்மையில் நடந்தது இன்னும் வேதனையானது. சில ஊர்களில் கும்பல்கள் அவர்களுடைய கூட்டங்களைத் தாக்கின. விசுவாசத்தையே விட்டுவிட்டவர்கள் உண்டு. ஷேக்கர் என்ற பிரம்மச்சாரிக் கூட்டத்தாருடன் போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு. மறுபடியும் மறுபடியும் புதிய தேதி குறித்தவர்களும் உண்டு. போர்ட் கிப்சன் என்ற ஊரின் விவசாயி ஹிராம் எட்சன், 23-ந் தேதி காலை சோளக்கொல்லையைக் கடந்து போகும்போது, பரிசுத்த ஸ்தலம் என்பது பூமியில் அல்ல, வானத்தில் இருக்கிறது என்ற எண்ணம் பெற்றார். அந்த வழியில் சிந்தித்தவர்களிடமிருந்து 1863-ல் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபை அமைப்பு பெற்றது. இன்று அது உலகெங்கும் பள்ளிகளும் ஆஸ்பத்திரிகளும் நடத்தும் பெரிய சபை.

மில்லர் என்ன செய்தார்? கணக்கு தவறிவிட்டது என்று வெளிப்படையாகச் சொன்னார். கிறிஸ்து வருவார் என்ற நம்பிக்கையை மட்டும் விடவில்லை. 1845-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அவர் பிரசங்கம் படித்து மனம் கரைந்த அதே பாப்டிஸ்டு சபை அவரை நீக்கியது. 1849 டிசம்பரில் அவர் காலமானார்.

தவறை ஒப்புக்கொண்ட மனிதனுக்கு ஊர்ச் சபையில் இடம் இல்லாமல் போயிற்று. தேதி தவறியதைக் காட்டிலும் வருந்தத்தக்க நிகழ்ச்சி இது.

என்ஜினீயரின் கணக்கு

இது பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. 2011-ல் இதே கதை கலிபோர்னியாவில் திரும்ப நடந்தது.

ஹாரல்ட் கேம்பிங் 1921-ல் பிறந்தவர், சிவில் என்ஜினீயர். 1950-களின் இறுதியில் தோன்றிய ஃபேமிலி ரேடியோ என்ற கிறிஸ்தவ வானொலியின் தலைவர். கேட்பவர்களின் வேதக் கேள்விகளுக்கு வானொலியில் பதில் சொல்லிப் பெயர் பெற்றார். நெடுங்காலம் தம் ஊர்ச் சபையில் உறுப்பினராக இருந்தவர் 1988-ல் வெளியேறினார். பிறகு, சபைகளின் யுகமே 1988-ல் முடிந்துவிட்டது, இனி எந்தச் சபையிலும் கடவுள் இல்லை, எல்லாரும் வெளியேறுங்கள் என்று போதித்தார்.

1992-ல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயர் ‘1994?’ என்பது. 1994 செப்டம்பரில் ஒன்றும் நடக்கவில்லை. பெயரில் இருந்த கேள்விக்குறி அவரைக் காப்பாற்றியது. அடுத்த தடவை கேள்விக்குறி போடவில்லை. நோவாவின் ஜலப்பிரளயம் கி.மு. 4990-ல் வந்தது என்றும், ஒரு நாள் ஆயிரம் ஆண்டு என்ற கணக்கில் 7,000 ஆண்டுகள் கழித்து, 2011 மே 21-ந் தேதி சனிக்கிழமை நியாயத்தீர்ப்பு தொடங்கும் என்றும் அறிவித்தார். சாலையோர விளம்பரப் பலகைகள் அந்தத் தேதியை உலகுக்குக் கூவின. கேட்டவர்களில் சிலர் வேலையை விட்டார்கள். விளம்பரத்துக்காகத் தம் சேமிப்பில் 1,40,000 டாலர் செலவழித்த ஒருவரைப் பற்றி அப்போதைய பத்திரிகைகள் எழுதின.

21-ந் தேதி கடந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாதாரணமாக மனம் உடைந்த கிறிஸ்தவன் அன்று ஆலயத்துக்குப் போவான். பாட்டில் கலந்துகொள்வான், யாராவது தோளைத் தொட்டு நலம் விசாரிப்பார்கள். கேம்பிங் சொன்னதைக் கேட்டுச் சபையை விட்டவர்களுக்கு அன்று போவதற்கு ஓர் ஆலயம் இல்லை.

23-ந் தேதி கேம்பிங் வானொலிக்கு வந்தார். நியாயத்தீர்ப்பு ஆவிக்குரிய விதத்தில் நடந்துவிட்டது, உலகம் அக்டோபர் 21-ல் முடியும் என்றார். காணிக்கையாகப் பெற்ற பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று நிருபர்கள் கேட்டார்கள். முடிவு இன்னும் வரவில்லையே, ஏன் தரவேண்டும் என்ற பாணியில் பதில் வந்தது. ஜூனில் அவருக்குப் பக்கவாதம் கண்டது. அக்டோபரும் கடந்தது. 2012 மார்ச்சில், நாள் குறித்தது பாவம், இனிமேல் குறிக்கமாட்டேன் என்று கடிதம் எழுதினார். 2013 டிசம்பரில் 92-ஆம் வயதில் காலமானார்.

நம்பாதவர்களின் கேள்வி

இவ்வளவும் படித்தபின், “பார்த்தீர்களா, எல்லாம் மூடநம்பிக்கை” என்று மூன்றாவது கட்சியார் சொல்வது இயற்கை. அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிடக் கூடாது. பொய்த்த தேதிக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டே போனால், எதுதான் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கமுடியும் என்று அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி.

அந்தக் கேள்வியை முதலில் கேட்டதே வேதம்தான். ஒருவன் கடவுளின் பெயரால் சொன்னது நடக்காமல் போனால், அதைக் கடவுள் சொல்லவில்லை என்று உபாகமம் 18-ஆம் அதிகாரம் தீர்ப்புச் சொல்கிறது. அந்த நாளும் நாழிகையும் பிதாவுக்கே தெரியும், தேவதூதருக்கும் தெரியாது என்ற பொருளில் மத்தேயு 24-ஆம் அதிகாரம் பேசுகிறது. காலங்களை அறிவது உங்களுக்குரியது அல்ல என்று சீஷர்களுக்குச் சொல்லப்பட்டதை அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்திலேயே காணலாம். 5-ஆம் நூற்றாண்டில் ‘கடவுளின் நகரம்’ என்ற நூலை எழுதிய அகஸ்டின், ஆண்டுகளை விரல்விட்டு எண்ணுகிறவர்கள் விரலுக்கு ஓய்வு கொடுக்கட்டும் என்ற கருத்தை அதில் கூறியிருக்கிறார். ஆகவே தேதி பொய்த்தால் விழுவது தேதி குறித்தவனின் கணக்கு. நம்பிக்கையின் மற்ற பகுதி மெய்யா, பொய்யா என்பதைத் தேதியை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அதற்கு வேறு ஆராய்ச்சி வேண்டும்.

தெசலோனிக்கே பட்டணத்தில் முதல் நூற்றாண்டிலேயே இந்தத் தொல்லை இருந்தது. நாள் வந்துவிட்டது என்று சிலர் கலங்கினார்கள். சிலர் வேலை செய்யாமல் திரிந்தார்கள். அந்தச் சபைக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபம், கலங்காதீர்கள் என்கிறது. உழைக்க மனமில்லாதவன் சாப்பிடவும் வேண்டாம் என்கிறது. அப்படிப்பட்டவனைப் பகைவனாக எண்ணாமல் சகோதரனாக எண்ணிப் புத்தி சொல்லுங்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறது. லோ ஹாம்ப்டன் சபை கடைசி வரியை மறந்துவிட்டது.

சபை எதற்கு?

அப்படியானால் சபைக்குப் போவது ஒன்றே மருந்தாகிவிடுமா? ஆகாது. ஜெர்மனியின் மன்ஸ்டர் நகரம் இதற்குச் சாட்சி. 1534-ல் அந்த நகரமே ஒரு சபையாக மாறியது. ஹார்லம் ஊரிலிருந்து வந்த ரொட்டிக்காரர் யான் மத்தைஸ் தம்மைத் தீர்க்கதரிசி என்றார். ஈஸ்டர் திருநாளில் முடிவு வரும் என்றார். அந்த நாளில் சிலரோடு முற்றுகைப் படையை எதிர்த்துப் போய்க் கொல்லப்பட்டார். அவருக்குப்பின் லைடன் ஊர் யான் தம்மை அரசனாக அறிவித்துக்கொண்டார். எதிர்த்தவர்களின் தலை உருண்டது. பட்டினியில் வாடிய நகரம் 1535 ஜூனில் வீழ்ந்தது. கொல்லப்பட்ட தலைவர்களின் உடல்களைத் தொங்கவிட்ட மூன்று இரும்புக் கூண்டுகள் புனித லாம்பர்ட் ஆலயக் கோபுரத்தில் இன்னும் இருக்கின்றன.

கூட்டமாக இருந்தால் போதாது. மறுத்துப் பேசுகிறவனுக்கு அந்தக் கூட்டத்தில் இடம் இருக்கவேண்டும்.

ஆலயத்தை விட்டுப் போனவர்களின் மனக்குறையையும் கேட்கவேண்டும். 2002-ல் பாஸ்டன் நகரில், சிறுவர்களுக்குத் தீங்கு செய்த குருமார்களை மேலிடம் இடம் மாற்றி மாற்றி மறைத்தது அம்பலமாயிற்று. அப்படிப்பட்ட செய்தியைக் கேட்டு வெளியேறியவனைப் பார்த்து “விசுவாசம் குறைந்தவன்” என்று சொல்வது அநியாயம். ஆண்டுக் கணக்காகப் பெஞ்சில் உட்கார்ந்தும், கடினமான வேதப் பகுதிகளை யாரும் விளக்கிச் சொல்லாததால் வானொலியைத் தேடிப் போனவர்களும் உண்டு. தானியேலையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் போதகர் தொடாமல் விட்டால், தொடத் தயங்காத ஒருவர் வந்து சேருவார்; கையில் தேதியும் கொண்டுவருவார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் பயன் மிகச் சாதாரணமானது. அங்கே ஒரு மனிதன் தான் தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு உட்காருகிறான். பக்கத்தில் வயதான விதவை இருக்கிறாள். பின்னால் அழும் குழந்தை இருக்கிறது. தன்னோடு ஒத்துப்போகாத மூப்பர் எதிரே இருக்கிறார். இவர்கள் நடுவில், நாளைக்கு உலகம் முடிகிறது, வீட்டை விற்றுவிடு என்று சொல்வது எளிதல்ல. விதவையின் வாடகையை யார் கட்டுவார்கள் என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வி ஆயிரம் எண் கணக்குகளுக்குச் சமம்.

தேதி குறிக்கிற எவரிடமும் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம். மறுநாள் காலைக்கு என்ன ஏற்பாடு? காணிக்கை வாங்குகிறவர் திருப்பித் தர எழுதிக் கொடுப்பாரா? அதற்குப் பதில் இல்லாத இடத்தில் வேத வசனம் எத்தனை இருந்தாலும் எச்சரிக்கையாக இருப்பதே நல்லது.

சபைகளிடம் கேட்கவேண்டியதும் ஒன்று உண்டு. கணக்குத் தவறி, கைப்பொருளும் போய், தலை குனிந்து நிற்கிறவன் 23-ந் தேதி காலையில் வந்து கதவைத் தட்டினால், கதவைத் திறப்பது யார்?

நாற்பத்தோராம் நாள்

வேதாகமத்திலேயே ஏமாற்றம் அடைந்த ஒரு தீர்க்கதரிசி இருக்கிறார். அவர் யோனா. இன்னும் 40 நாளில் நினிவே நகரம் அழியும் என்று அறிவித்தார். கேட்ட ஜனங்கள் மனம் திருந்தினார்கள். அரசனே சிங்காசனத்தை விட்டு இறங்கிச் சாம்பலில் உட்கார்ந்தான். 40 நாள் கடந்தது. நகரம் அழியவில்லை.

யோனாவுக்குக் கோபம் வந்தது. சொன்ன சொல் பொய்த்துவிட்டதே என்று நகரத்துக்கு வெளியே போய், ஒரு பந்தல் போட்டு உட்கார்ந்துகொண்டார். நிழல் தந்த ஆமணக்குச் செடி வாடியதற்காகப் பரிதபித்தார். உள்ளே 1,20,000-க்கும் அதிகமான மக்கள் உயிரோடு இருக்கிறார்களே என்ற மகிழ்ச்சி அவருக்கு வரவில்லை. இவர்களுக்காக நான் இரங்கவேண்டாமா என்று கடவுள் கேட்பதோடு அந்தப் புத்தகம் முடிகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை.

அந்தக் கதையில் தீர்க்கதரிசனம் தவறவில்லை. ஜனங்களைத் திருத்துவதற்காகச் சொல்லப்பட்டது, திருத்தியது. 41-ஆம் நாள் காலையில் நினிவேயில் அடுப்புப் புகைந்தது, மாடுகள் கத்தின, பிள்ளைகள் தெருவில் விளையாடினார்கள். அவர்களோடு சேர்ந்து அந்தக் காலைப் பொழுதைக் காண யோனாவுக்கு மனம் வரவில்லை. அவர் ஊருக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்.

1844 அக்டோபர் 22-க்கு முந்திய வாரத்தில் கடனை அடைத்தவர்கள், பகைவனிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் செய்த காரியம் மறுநாள் பொய்யாகிவிடவில்லை. அடைத்த கடன் அடைந்ததுதான். தீர்ந்த பகை தீர்ந்ததுதான். தேதி இல்லாமலே அதைச் செய்யலாம் என்று எந்தச் சபை தன் மக்களுக்குக் கற்றுக்கொடுக்கிறதோ, அந்தச் சபையில் தீர்க்கதரிசனத்தையும் அச்சமின்றி வாசிக்கலாம். அங்கே பெஞ்சும் அவ்வளவு சீக்கிரம் காலியாகாது.